தட்டில் விழாத ஏழு சீட்டுகள்

போன மாதம் சபையிலிருந்து மூன்று பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஊழியத்துக்குப் புதிதாக எடுக்கப்பட்டவர்கள். கையில் நோட்டும் பேனாவும் தயாராக இருந்தன. "அம்மா, ஒருத்தருக்குள்ள ஆவிக்குரிய போராட்டம் நடக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கது, அதுக்கு எப்படி ஆயத்தப்படுததுன்னு எங்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கணும். பத்து அடையாளம் சொன்னாப் போதும், எழுதிக்கிடுவோம்" என்றார்கள். பத்தாம்! மளிகைச் சாமானுக்கு எழுதுகிற மாதிரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பத்தெல்லாம் எனக்குத் தெரியாது. ஒண்ணுதான் தெரியும். அதையும் ஏழு மாசம் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே பாக்காம விட்டவ நான்" என்றேன். அவர்கள் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். தாழ்மையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நடந்தது அதுதான். வகுப்பில் நின்றுகொண்டு சொல்ல எனக்குத் தெம்பில்லாததால் எழுதித் தருகிறேன்.

நான் நாகர்கோவில் பக்கம் கல்குளம் தாலுகாக்காரி. இருபத்திரண்டு வயதில் விதவையானேன். இரண்டு வருஷம் ஊழியப் பயிற்சி. அதில் வேதம் படித்ததைவிடப் பாத்திரம் தேய்த்ததுதான் அதிகம். 1949-இல் திருவனந்தபுரத்தில் இருந்த எங்கள் தமிழ்ச் சபைக்கு என்னை அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி நர்சுகள், சர்க்கார் கச்சேரி கிளார்க்குகள், அச்சாபீஸ்காரர்கள், சாலை என்ற கடைத்தெருவில் வேலை பார்க்கிறவர்கள் என்று அறுபது குடும்பம். ஆபீசில் மலையாளம், வீட்டில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். வெள்ளைச் சேலை, குடை, துணிப்பை, இவைதான் என் சீருடை. கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தால் சாயங்காலம் வரை வீடு வீடாகப் போவேன். எல்லாரும் என்னை 'ஊழியக்காரம்மா' என்பார்கள்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் பங்கிடுகிற ஆராதனை. அதற்கு முந்திய வாரம் ஆயத்த வாரம். இப்போது இந்த வழக்கம் நின்றுவிட்டது, அதனால் விவரமாகச் சொல்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை நான் ஒவ்வொரு வீடாகப் போக வேண்டும். கையில் இரண்டு விரல் அகலத்தில் வெட்டின பச்சை அட்டைச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் பேரும் மாதமும் எழுதியிருக்கும். சீட்டைக் கொடுக்கும் முன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டும். சாப்பாடும் தூக்கமும் சரியாக இருக்கிறதா? யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறதா? தனியாக ஜெபம் பண்ண முடிகிறதா? பதிலைக் கேட்டுவிட்டு நோட்டில் அந்தப் பேருக்கு நேரே ஒரு வார்த்தை எழுத வேண்டும்: சமாதானம், அல்லது சோர்வு, அல்லது யுத்தம். பகை இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் சீட்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை. ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து வாங்குகிறவர்கள் தங்கள் சீட்டைப் பித்தளைத் தட்டில் போட்டுவிட்டு முன் பெஞ்சுகளுக்கு வருவார்கள். திங்கள் காலை நான் அந்தச் சீட்டுகளைப் பேர்ப்பட்டியலோடு ஒத்துப் பார்த்து, வராத சீட்டுக்கு நேரே காரணம் எழுதி, ஐயரிடம் கொடுக்க வேண்டும்.

எங்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். குள்ளமான மனுஷர். இடது காது கேட்காது என்பார். நான் ஏதாவது சொன்னால் தலையைச் சாய்த்து, "கொஞ்சம் உரக்கச் சொல்லு, பிள்ளே" என்பார். மறுபடி சொல்வேன். "இன்னும் கொஞ்சம்." மூன்றாம் தடவை சொல்லும்போது நான் சொல்வதில் உள்ள பொய் என் காதிலேயே விழுந்துவிடும். அவருக்கு உண்மையாகவே காது மந்தமா என்று எனக்குக் கடைசி வரை தெரியாது.

வந்த புதிதில் ஒரு நாள் ஓட்டமாக ஓடிப் போய், "ஐயரே, கிளார்க் வீட்டு மருமகளுக்குக் கையும் காலும் நடுங்குது, பிசாசின் போராட்டம், உபவாச ஜெபம் வைக்கணும்" என்றேன். "சாப்பிட்டாளா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. திரும்பப் போய்க் கேட்டேன். மாமியார் சொன்ன உபவாசத்தில் அந்தப் பிள்ளை மூன்று நாளாகப் பட்டினி. கஞ்சி குடித்ததும் நடுக்கம் நின்றது. இன்னொரு முறை ஒரு டீச்சரைப் பற்றி, நல்ல தூக்கம், நல்ல சாப்பாடு, பகை இல்லை, குறையே இல்லை, சமாதானம் என்று எழுதிக்கொண்டு போனேன். ஐயர் அதை அடித்துவிட்டு யுத்தம் என்று எழுதினார். "ஒரு குறையும் இல்லைன்னு சொல்லுத வீட்டு வாசல்ல நின்னு பேசிட்டு வரப்படாது, பிள்ளே. உள்ளே போய் இருக்கணும்." மூன்று நாள் அந்த வீட்டுக்கு நடந்தார். அந்த டீச்சர் ஒரு வருஷமாக ஜெபமே பண்ணவில்லை என்பதும், கடவுள் இருக்கிறார் என்ற நினைப்பே விட்டுப்போயிருந்தது என்பதும் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

இதெல்லாம் பார்த்துப் பார்த்து நானும் தேறினேன். "ஊழியக்காரம்மா ஒரு பார்வை பாத்தாப் போதும், உள்ளே என்ன இருக்குன்னு சொல்லிப்போடுவாவ" என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அது என் காதுக்கும் வரும். இனிக்கும்.

ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே சுகிர்தம் என்று ஒருத்தி. புருஷன் செல்லையா மிளகாய் மண்டியில் வேலை. ஒரே மகள் பியூலா, நாலரை வயது. வாயாடி. நான் போனால் என் குடையைப் பிடுங்கி விரித்துக்கொண்டு முற்றத்தில் சுற்றுவாள். 1955 ஜூலையில், விடாத மழையில், அவளுக்குத் தொண்டையில் சவ்வு வளர்ந்து அடைத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன மறுநாள் போய்விட்டாள்.

சின்னப் பெட்டியை வீட்டில் வைத்திருந்தோம். அந்தச் சந்தில் மற்ற வீடுகளெல்லாம் திருநெல்வேலிச் சைவ வியாபாரிக் குடும்பங்கள். எதிர்வீட்டு ஆவுடையம்மாள் வாசலில் நின்று மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அதைக் கேட்டதும் சுகிர்தமும் வாயைத் திறந்தாள். எங்கள் பேச்சில் அழுவதைக் கரைவது என்போம். நான் அவள் தோளைப் பிடித்து அழுத்தி, காதருகே குனிந்து சொன்னேன்: "கரையாதே, சுகிர்தம். தெருவே பாத்துக்கிட்டு நிக்கி. நம்பிக்கை இல்லாதவங்க மாதிரிக் கரைஞ்சா நம்ம விசுவாசத்துக்குச் சாட்சி கெட்டுப்போவும். எழும்பு, பாட்டு எடு."

எழுந்தாள். பாட்டு எடுத்தாள். குரல் உடையவே இல்லை. பிறகு பெண்கள் கூட்டத்தில், "போராட்டத்துக்கு ஆயத்தமா இருக்கதுன்னா என்னன்னு கேக்கியளா? சுகிர்தத்தைப் பாருங்க" என்று பேசினேன். ஒரு கூட்டத்தில் அல்ல, நாலு கூட்டத்தில். அவளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு ஆயத்த வாரங்களில் அவள் வீட்டில் எனக்கு வேலையே இருக்கவில்லை. பியூலா போன மறுமாதமே மண்டியிலிருந்து சாக்குச் சாக்காக வத்தல் மிளகாய் வாங்கி வந்து, காம்பு கிள்ளிக் கொடுக்கிற வேலையை எடுத்துக்கொண்டாள். நான் வாசலில் நின்று, "சுகமா இருக்கியா, சுகிர்தம்?" என்பேன். "சுகம் அக்கா, ஒரு குறையும் இல்லை" என்று சிரிப்பாள். கண்ணில் நீர் வழியும். வத்தல் நெடி. சீட்டைக் கொடுத்துவிட்டு, சமாதானம் என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். ஐயர் சொன்னது ஞாபகம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, மற்ற வீடுகளுக்கு. இது நானே நட்டு வளர்த்த வீடு என்று எனக்கு எண்ணம்.

ஆகஸ்டில் அவள் சீட்டு தட்டில் இல்லை. செல்லையாவின் சீட்டு இருந்தது. சுகவீனம் என்று எழுதினேன். செப்டம்பரிலும் இல்லை. தவறிப்போயிருக்கும் என்று எழுதினேன். நான் முதல் பெஞ்சில் இருந்து பெண்களுக்குப் பாட்டு எடுக்கிறவள். பின்னால் யார் எழுந்து வருகிறார்கள், யார் இருந்துவிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்ததில்லை. அவள் குரல் மட்டும் கேட்கும். பிப்ரவரி வரை 'தவறிப்போயிருக்கும்' என்றே எழுதிக்கொண்டு வந்தேன்.

மார்ச் மாதத்துச் சீட்டு கொடுக்கப் போகும் முன்னால் ஐயர் வேறெதற்கோ பட்டியல்களைப் புரட்டினவர் ஒரு பேரில் விரலை வைத்துக்கொண்டார். "இது என்ன, பிள்ளே?"

"சீட்டு தவறிப்போயிருக்கும், ஐயரே."

"உரக்கச் சொல்லு."

"சீட்டு தவறியிருக்கும்."

"இன்னும் கொஞ்சம்."

மூன்றாம் தடவை சொல்ல வாயெடுத்ததும் அது பொய் என்று என் காதிலேயே விழுந்தது. ஏழு மாதம் ஒருத்தி சீட்டைத் தவற விடுவாளா? குடையை எடுத்துக்கொண்டு ஆரியசாலைக்கு நடந்தேன். நல்ல வெயில். உள்ளங்கை வேர்த்து குடைப்பிடி வழுக்கியது இப்போதும் நினைவிருக்கிறது.

சுகிர்தம் வத்தல் குவியலுக்கு முன்னால் இருந்தாள். பியூலாவை அடக்கம் பண்ணின பிறகு முதல் தடவையாக நான் வாசலைத் தாண்டி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். "சாயா போடட்டுமா, அக்கா?" என்றாள். வேண்டாம், உன் சீட்டெல்லாம் எங்கே என்று கேட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நூல் போட்டு வைக்கிற டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். ஏழு பச்சைச் சீட்டும் நூலால் கட்டிக் கிடந்தன.

"பகை இருந்தா விருந்துக்குப் போகப்படாது, இல்லியா அக்கா? நீங்க படிப்பிச்சுத் தந்ததாக்கும்."

"ஆரு மேல பகை?"

"உங்க மேல."

அவள் சத்தம் உயரவே இல்லை. "எனக்க பிள்ளை பெட்டியில கிடக்கா. நீங்க தெருவைப் பாத்தீங்க. கரையாதேன்னு சொன்னீங்க. அன்னைக்கு அடைச்சது பின்னே திறக்கவே இல்லை. ஜெபம் பண்ண முழங்கால் போட்டா உங்க முகம் வருது. பரமண்டல ஜெபத்துல 'நாங்க மன்னிக்கிற மாதிரி'ங்குத வரி வந்ததும் நாக்கு நின்னுபோவுது. வத்தல் வேலை என்னத்துக்கு எடுத்தேன்னு நினைச்சீங்க? இதுல கண்ணு நிறைஞ்சா ஆரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

"பின்னே ஏன் என் கையிலருந்து சீட்டு வாங்கினே?"

"வாங்கலேன்னா உங்களுக்குக் குறைச்சல். வாங்கிட்டு விருந்துக்குப் போனா எனக்குப் பொய். அதான் வாங்கி வச்சேன்."

நான் அவளைப் போராட்டத்தில் ஜெயித்தவள் என்று மேடையில் ஏற்றி வைத்திருந்தேன். அவளோ ஏழு மாதமாக என்னோடு போராடிக்கொண்டு, என் மானத்தையும் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். சத்துருவான பிசாசு எங்கே என்று ஊரெல்லாம் தேடினேன், அன்றைக்கு அவன் பேசினது என் வாயால்தான்.

அப்போதும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள். என் பேருக்கு உள்ள சீட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் காலடியில் வைத்தேன். "இது உன் கையில இருக்கட்டும். நீ மன்னிச்சு எப்போ தாறியோ அப்போதான் நான் விருந்துக்குப் போவேன்" என்றேன். கண்ணீரோடுதான். சுகிர்தத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எடுங்க அதை! உங்க ஆத்துமாவையும் நான்தான் சுமக்கணுமா? எனக்கு வய்யா, முடியாது!"

ஐயரிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் அன்றைக்கு உரக்கச் சொல்லச் சொல்லவில்லை. "பியூலாவை அடக்கம் பண்ணின அன்னைக்கு அவளைச் சாட்சியாக்கினே. இன்னைக்கு உனக்க மனஸ்தாபத்துக்கும் அவளைச் சாட்சியாக்கப் பாத்தே. ரெண்டும் ஒண்ணுதான், பிள்ளே. பெருமை அழுக்குச் சேலை உடுத்திக்கிட்டு வந்தாலும் பெருமைதான்" என்றார். என் சீட்டை வாங்கி மேஜைக்குள் வைத்துக்கொண்டார்.

"இனி நான் என்ன செய்யணும், ஐயரே?"

"புதன்கிழமைதோறும் அங்கே போ. ஜெபம் பண்ணாதே. புத்தி சொல்லாதே. மன்னிப்பும் கேக்காதே, கேட்டாச்சு. இருந்துட்டு வா."

இவ்வளவுதானா என்று நினைத்தேன். போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. பேசியே பிழைத்தவள் நான். ஒவ்வொரு புதன்கிழமையும் கிளம்பும் முன்னால் என் அறையில் முழங்காலில் நின்று கேட்பேன்: ஆண்டவரே, இன்றைக்கு என் வாயை மூடி வையும். அந்த ஒரு ஜெபத்துக்கு நான் பட்ட பாட்டை அதற்கு முன்னால் எந்த உபவாசத்திலும் பட்டதில்லை. அவள் வீட்டில் போய் எதிரே அமர்ந்து வத்தல் காம்பு கிள்ளுவேன். விரல் எரியும். முதல் மாதம் அவள் என்னோடு பேசவில்லை. இரண்டாம் மாதம், "காம்பை ஒட்டக் கிள்ளாதீங்க, விதை கொட்டுது" என்றாள். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் திருவிருந்து நேரம் வந்தால் நான் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவேன். அதே பெஞ்சின் மறுமுனையில் சுகிர்தம் இருப்பாள். ஊழியக்காரம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று சபை முழுவதும் குசுகுசுத்தது. அந்த வெட்கத்தையும் வாயை மூடிக்கொண்டே பொறுக்க வேண்டியிருந்தது.

ஜூலை வந்தது. பியூலா போய் வருஷம் திரும்புகிற வாரம். மழையில் வத்தல் ஏற்றி வருகிற கோவில்பட்டி லாரி வரவில்லை, மண்டியில் சரக்கு இல்லை. அந்தப் புதன்கிழமை நான் போனபோது முற்றத்தில் குவியல் இல்லை. சுகிர்தம் வெறும் கையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். நானும் எதிரே அமர்ந்தேன். இரண்டு பேருக்கும் கை சும்மா இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கண் நிறைந்து வழிந்தது.

"இன்னைக்கு வத்தல் இல்லை, அக்கா" என்றாள்.

என் நாக்கின் நுனி வரை வார்த்தை வந்தது. தேறு மகளே, அவள் நல்ல இடத்தில் இருக்கிறாள், எல்லாம் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் வாசலைப் பார்த்தாள். இரட்டைக் கதவில் ஒன்று திறந்திருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம். நான் எழுந்தேன். கதவை அடைக்கப் போகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். நான் போய் மற்றக் கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்போது சுகிர்தம் கரைந்தாள். ஒரு வருஷத்துக் கரைச்சல். சந்தே நின்றுவிட்டது. எதிர்வீட்டு ஆவுடையம்மாள் கையில் அரிசி ஒட்டியபடி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அழுளா தாயி, அழு! அந்தக் கிளி மாதிரிப் புள்ளைக்கு அழாம வேற எதுக்கு அழப்போற!" என்று அவளும் சேர்ந்து அழுதாள். சாயங்காலம் வரை யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகும் உடனே எதுவும் மாறிவிடவில்லை. இரண்டு ஆயத்த வாரம் சீட்டு வேண்டாம் என்று தலையசைத்தாள். நான் நோட்டில் யுத்தம் என்று எழுதிக்கொண்டு வந்தேன். அக்டோபரில், கல்குளம் முதலான எங்கள் தெற்குத் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகிற நேரம், எங்கள் ஆட்கள் பலர் நாகர்கோவிலுக்கு மூட்டை கட்டினார்கள். செல்லையாவும் அங்கே வேலை பார்த்துக்கொண்டான். அந்த மாதத்துத் திருவிருந்துதான் அவர்களுக்கு இங்கே கடைசி. ஆயத்த வாரம் நான் அவள் எதிரே உட்கார்ந்து, சாப்பாடு, தூக்கம் எல்லாம் கேட்டுவிட்டு, கேட்டேன்: "என் மேல இன்னும் ஏதாவது உண்டுமா, சுகிர்தம்?"

"உண்டு. பாதி போச்சு."

"மீதி?"

"போகணும்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்."

இதற்கு என்ன எழுதுவது? சமாதானம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஐயரிடம் போய் நின்று, பாதி போச்சு என்கிறாள் என்று உரக்கவே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "இத்தனை வருஷத்துல இந்த நோட்டுல விழுந்த உண்மையான பதில் இதுதான். மீதியைக் கேட்டுக்கிட்டு வாறவளுக்குத்தானே விருந்து? சீட்டு கொடு." பிறகு மேஜையைத் திறந்து என் சீட்டையும் எடுத்து வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்புக் கொடுத்ததும் நான் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்திருக்க முடியாமல் இருந்தேன். சுகிர்தம்தான் என்னைத் தாண்டி நடந்தவள் நின்று, "வாங்க அக்கா" என்றாள். தட்டில் அவள் சீட்டு விழுந்தது. அதன் மேல் என் சீட்டு விழுந்தது. முன் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அப்பம் என் கைக்கு வந்ததும், என் குடையைப் பிடுங்கி முற்றத்தில் சுற்றின அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு முன்னால் வந்துவிட்டது. அவளுக்காக நானும் அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. சபை முழுவதும் பின்னால் இருக்கிறது, ஐயர் முன்னால் நிற்கிறார், நான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துச் சத்தத்தை அடக்கப் பார்த்தேன்.

வத்தல் காம்பு கிள்ளிக் கிள்ளித் தடித்துப்போன ஒரு கை வந்து அந்தத் தலைப்பை என் வாயிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டது.

"கரையுங்க அக்கா" என்றாள் சுகிர்தம். "ஆரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ."